சோளகக் காற்றும் இரண்டு வார ஸ்பிரிண்டும்

அஜைல் கணினிக்காரருக்கு மட்டும் உரியதா? வீடு கட்டுகிறவருக்கும் கடலட்டை வளர்க்கிறவருக்கும் அது உதவுமா? யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திட்ட முகாமையாளராக வேலை செய்கிறேன். சொந்த இடம் புங்குடுதீவு. அதனால் இந்தக் கேள்வி எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். நகரத்தில் யாழ் ஐரி ஹப் நிகழ்வுகளுக்கு வருகிற பிள்ளைகள், "அண்ணா, இதை வேறை துறையிலை செய்யேலுமோ?" என்று கேட்பார்கள். ஊருக்குப் போனால், ஏதோ ஒரு பயிற்சிப் பட்டறையில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வந்த சங்கத்துப் பெரியவர்கள், "தம்பி, உந்த அஜைல் எண்டால் என்ன? எங்களுக்கும் ஏதும் பிரயோசனம் இருக்கோ?" என்பார்கள். சந்தியில் நின்று கதைத்து முடிகிற விசயமில்லை. ஆறுதலாக எழுதுகிறேன்.

வேலையைச் சின்னத் துண்டாகச் செய்து, பயன்படுத்துகிறவரிடம் காட்டி, கற்றதை வைத்துத் திட்டத்தை மாற்றிக்கொண்டு போவதுதான் அஜைல். அது உதவுமா என்றால், என் பதில் உதவும் என்பதுதான். ஆனால் எந்தத் துறைக்குக் கொண்டுபோவதானாலும் இரண்டு கேள்விக்கு முதலில் விடை தெரிந்திருக்கவேண்டும். ஒருமுறை போய்த் திரும்ப என்ன செலவாகும்? வழியில் கற்றுக்கொண்டதை வைத்துத் திட்டத்தை மாற்றுகிற உரிமை யாருடைய கையில் இருக்கிறது? தீவுப்பகுதியில் இந்த இரண்டும் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. போவதும் வருவதும் கடலைக் கேட்டுத்தான். உரிமையோ பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம்.

அஜைல் கணினித் துறையில் பிறந்தது என்பது பாதி உண்மை. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி, நான்கு விழுமியங்களும் பன்னிரண்டு கோட்பாடுகளும் கொண்ட ஓர் அறிக்கையை எழுதினார்கள். அந்தப் பெயர் நிலைத்தது அங்கேதான். அதற்குப் பதினைந்து வருடம் முன்னர், 1986இல், ஹிரோத்தாக்கா தக்கேயூச்சி, இக்குஜிரோ நொனாக்கா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹாவர்ட் பிஸினஸ் ரிவியூ இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்த்தது மென்பொருளை அல்ல. பூஜி ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பிரதி இயந்திரம், கனொன் கமெரா, ஹொண்டா கார் போன்றவை எப்படி உருவாயின என்று பார்த்தார்கள். ஒரு பிரிவு முடித்துவிட்டு அடுத்த பிரிவிடம் கோப்பைத் தள்ளிவிடுகிற வழக்கத்தை விட்டு, வடிவமைப்பாளரும் பொறியியலாளரும் விற்பனைக்காரரும் ஒரே குழுவாக ஓடினார்கள் என்று கண்டு, ரக்பி விளையாட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்து ஸ்க்ரம் என்றார்கள். ஜெஃப் சதர்லண்டும் கென் ஷ்வாபரும் அந்தச் சொல்லையே மென்பொருளுக்குக் கொண்டுவந்து 1995இல் ஒரு முறையாக முன்வைத்தார்கள். அதற்கும் பல வருடம் முன்னரே, ரொயோட்டா தொழிற்சாலையில் தையிச்சி ஓனோ, அடுத்த கட்டத்தில் நிற்பவன் கேட்டால் மட்டுமே முந்திய கட்டத்தில் நிற்பவன் செய்யவேண்டும் என்று கன்பான் அட்டைகளை ஓடவிட்டிருந்தார்.

ஆகத் தொழிற்சாலை கற்றதைக் கணினிக்காரர் எடுத்தார்கள். இப்போது மற்றத் துறைகள் கணினிக்காரரிடமிருந்து எடுக்கின்றன. அப்படி எடுக்கும்போது கணினிக்கு மட்டுமே பொருந்துகிற பழக்கங்களும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வருகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு வேலையை முடிக்கிற ஸ்பிரிண்ட், காலையில் நின்றபடி பதினைந்து நிமிடக் கூட்டம், சுவர் நிறைய மஞ்சள் தாள். இவற்றைத்தான் அஜைல் என்று பட்டறைகளில் கற்பிக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஏன் இரண்டு வாரம்? நோர்வேயில் இருக்கிற வாடிக்கையாளருக்குப் புதிய பதிப்பை அனுப்ப எங்களுக்குச் செலவே இல்லை. பிழை வந்தால் பின்னேரமே பழையதைத் திருப்பி வைத்துவிடலாம். போய்த் திரும்புவது அவ்வளவு மலிவாக இருப்பதால்தான் வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அடிக்கடி அனுப்ப முடிகிறது. இரண்டு வாரம் என்ற கணக்கு அந்த மலிவிலிருந்து வந்தது.

இனி நெடுந்தீவுக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை, அங்கிருந்து வாணர் பாலம் கடந்து புங்குடுதீவு, அதன் மேற்குக் கரையில் குறிகட்டுவான். தரை அத்தோடு முடிகிறது. பிறகு குமுதினியோ வடதாரகையோ ஏதோ ஒரு படகில், காற்றைப் பொறுத்து ஒரு மணித்தியாலம் அளவில் கடற்பயணம். சோளகம் எழும்பினால் அந்தக் கடல் வேறு. வைகாசி தொடக்கம் ஆவணி வரை, வந்தவர் போகமுடியாமலும் போனவர் வரமுடியாமலும் நிற்கிற நாட்கள் உண்டு. மாரியில் வாடைக்காற்று தன் பங்குக்கு வரும்.

அந்தத் தீவில் ஒரு வீடு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். பழைய ஆட்கள் கெட்டிக்காரர். காலடியில் கிடந்த முருகைக்கல்லை எடுத்து மதிலும் வீடும் கட்டினார்கள். ஒல்லாந்தர் கோட்டையும் அதே கல்தான். இன்றைய வீட்டுக்குச் சீமெந்து, கம்பி, மணல், ஓடு, வயர், பைப் எல்லாம் கடல் கடந்து வரவேண்டும். லொறியில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கே இறக்கி வள்ளத்தில் ஏற்றி, மாவலி இறங்குதுறையில் மறுபடி இறக்கி, உழவு இயந்திரத்தில் ஏற்றி வளவுக்குக் கொண்டுபோகவேண்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் கூலி. அரை அங்குல முழங்கைப் பைப் ஒன்று குறைந்துவிட்டால் குழாய் வேலைக்காரரின் ஒரு நாள் போச்சு. காற்று நாளென்றால் எத்தனை நாள் போகும் என்று சொல்லமுடியாது.

இந்த வளவில் போய் நின்று மேசனிடம் இரண்டு வார ஸ்பிரிண்ட் பற்றிக் கதைப்பது அவரை அவமதிப்பது. அவர் ஒரு பருவத்துக்கு வேண்டிய சாமானை முன்கூட்டியே கணக்குப் பார்த்து, கடல் அமந்த மாதங்களில் ஏற்றி இறக்கி வைக்கிறார். அது பழைய காலத்துப் பிடிவாதம் என்று ஒரு பயிற்றுநர் சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு அதுதான். ஒரு தடவை கொண்டுவருகிற செலவு கூடினால் ஒரு தடவையில் கொண்டுவருகிற அளவும் கூடவேண்டும். கொண்டுவந்ததை வைத்திருக்கிற செலவும் பழுதாகிற ஆபத்தும் மற்றப் பக்கத்தில் நின்று அந்த அளவைக் குறைக்கச் சொல்லும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் சரியான அளவு. மென்பொருளில் அது இரண்டு வாரம். நெடுந்தீவுச் சீமெந்தில் அது இரண்டு மாதமாக இருக்கலாம். உப்புக்காற்றில் சீமெந்து பையிலேயே கட்டிப்படும் என்பதால் ஆறு மாதமாக இருக்கமுடியாது.

அப்படியென்றால் அங்கே அஜைலுக்கு இடமே இல்லையா? நிறைய இடம் இருக்கிறது. சாமான் மொத்தமாக வரவேண்டும் என்பதற்காக முடிவுகளும் மொத்தமாக எடுக்கப்படவேண்டும் என்றில்லை. வேலை தெரிந்த மேசன்மார் பலர் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். அத்திவாரம் வெட்டுவதற்கு முன் நூல் பிடித்து, வீட்டின் வரைபடத்தை நிலத்திலேயே முழு அளவில் சுண்ணாம்புக் கோடாகப் போடுவார்கள். வீட்டுக்கார அம்மா அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்ப்பார். "குசினி வாசல் இஞ்சாலை வந்தால் சோளகத்துக்குப் புகை எல்லாம் வீட்டுக்குள்ளை வரும்" என்பார். கோட்டை அழித்து மாற்றிப் போடுவார்கள். ஒரு வள்ளமும் ஓடத் தேவையில்லை, ஒரு கல்லும் உடைக்கத் தேவையில்லை. பயன்படுத்தப்போகிறவர் கையில் காலத்தோடு கொடுத்துப் பார்ப்பது என்று அந்த 17 பேர் சொன்னதன் முழுப்பொருளும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் இருக்கிறது. போய்த் திரும்புவது விலை கூடிய இடத்தில், விலை இல்லாத பரீட்சை எது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

கட்டடத் துறைக்கென்றே உருவான முறை ஒன்றும் உண்டு. கிளென் பலார்ட், கிறெக் ஹொவெல் என்ற இருவர் 1990களில் உருவாக்கியது. கடைசித் திட்டக்காரர் முறை என்று சொல்லலாம். வேலையை நேரே செய்விக்கிற ஓவசியரோ மேசனோதான் அந்தக் கடைசித் திட்டக்காரர். அடுத்த கிழமைக்கு என்ன முடியும் என்று அலுவலகத்திலிருந்து யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கக்கூடாது. சாமான் வந்துவிட்டதா, ஆள் இருக்கிறதா, முந்திய வேலை முடிந்ததா என்று பார்த்து, அவரே முடியக்கூடியதை மட்டும் வாக்குக் கொடுப்பார். கிழமை முடிவில் கொடுத்த வாக்கில் எத்தனை வீதம் நிறைவேறியது, நிறைவேறாததற்குக் காரணம் என்ன என்று பதிவார்கள். தீவுப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. நாலு கிழமை அப்படிப் பதிந்தால், தாமதத்தில் எத்தனை பங்கு காற்றால் வந்தது, எத்தனை பங்கு குறிகட்டுவானில் சாமான் கிடந்ததால் வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். காற்றை மாற்றமுடியாது. மற்றதை மாற்றலாம்.

போருக்குப் பிந்திய இந்திய வீட்டுத்திட்டத்தை இங்கே நினைக்காமல் இருக்கமுடியாது. முதலில் வட மாகாணத்தில் 1,000 வீடுகளை முன்னோடியாகக் கட்டிக் கொடுத்தார்கள். அவை 2012 ஜூலையில் முடிந்தன. அதே வருடம் ஒக்ரோபர் 2ஆம் திகதி தொடங்கிய பெரிய கட்டத்தில் முறையே மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகள், கட்டுவதற்குப் பொறுப்பு வீட்டுக்காரரே. முழு வீட்டுக்கு 550,000 ரூபா. ஒவ்வொரு கட்டம் முடிய முடிய அவருடைய வங்கிக் கணக்குக்குக் காசு வரும். அஜைல் என்ற சொல்லை அந்தத் திட்டத்தில் யாரும் பாவித்திருக்கமாட்டார்கள். ஆனால் சிறிதாகச் செய்து பார்த்தது, பிறகு முறையை மாற்றியது, வேலையைத் துண்டாக வெட்டித் துண்டு முடிந்த பிறகு அடுத்த காசை விட்டது, வாசல் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கிற உரிமையை அதில் வாழப்போகிறவரிடம் கொடுத்தது, எல்லாம் அதில் இருக்கின்றன. குறைகள் இருந்தன, அந்தக் காசுக்குள் முடிக்கமுடியாமல் கடன்பட்ட குடும்பங்கள் உண்டு. முறை சரியாக இருந்தாலும் தொகை போதாவிட்டால் சுமை வீட்டுக்காரரின் தலையில்தான் இறங்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

நயினாதீவுக்கு ஆனி மாதத் திருவிழாவில் போனவர்களுக்கு அமுதசுரபி அன்னதான மண்டபம் தெரியும். இன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சமையல்காரருக்கு யாரும் சொல்லமுடியாது. தேருக்கு ஒரு கணக்கு, சாதாரண பூசை நாளுக்கு ஒரு கணக்கு, காற்று அடித்துப் படகு தாமதித்தால் இன்னொரு கணக்கு. எல்லாச் சோற்றையும் காலையிலேயே வடித்து வைத்தால் மிஞ்சும், அல்லது போதாது. கறிக்கு மரக்கறி வெட்டுவதும் அரிசி கழுவுவதும் முன்னரே நடக்கும். அடுத்த கிடாரத்தை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்பதைப் பந்தியில் எழும்பி உட்காருகிற வேகமும் இறங்குதுறையில் வந்து சேருகிற படகும் சொல்லும். ஓனோவின் கன்பான் இதுவேதான்: கேட்கிறவன் இழுக்கவேண்டும், செய்கிறவன் தள்ளக்கூடாது. எங்கள் அலுவலகத்துப் புதுப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் கன்பானை விளங்கப்படுத்துவேன். உடனே பிடிபடும்.

கடலட்டைக்கு வருகிறேன். இது சூடான விசயம், மெதுவாகச் சொல்கிறேன். குஞ்சு விட்டு அறுவடைக்கு வர ஒரு வருடம் அளவில் செல்லும். அந்த வளர்ச்சியை எந்த முகாமைத்துவ முறையாலும் இரண்டு வாரமாகச் சுருக்கமுடியாது. ஒரு வருடம் காத்திருந்துதான் பிழை தெரியும் என்றால், அந்தப் பிழையை ஒரு பண்ணையில் விடுவதும் நூறு பண்ணையில் விடுவதும் ஒன்றல்ல. முதல் மாதங்களில் நண்டு எத்தனை குஞ்சைத் தின்றது, மாதிரிக்குப் பிடித்து நிறுத்தால் நிறை ஏறுகிறதா, அடைப்புக்குப் பக்கத்தில் களங்கண்ணி வைப்பவருக்கும் நண்டு வலை விடுபவருக்கும் பாடு குறைகிறதா என்று மாதாமாதம் பார்த்திருக்கலாம். சில பண்ணைகளில் ஒரு முழுச் சுற்றுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுமதி கொடுத்திருக்கலாம். 2021, 2022இல் அனுமதிகள் பெருகிய வேகம் அதற்கு இடம் வைக்கவில்லை. கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சியில் 2022இல் சிறுதொழில் மீனவர் நாட்கணக்கில் போராடவேண்டி வந்தது. கடலட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. கற்றுக்கொள்ளுவதற்கு முன் பெருக்கிவிட்டோம் என்பதுதான் என் கவலை.

பெருக்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காததற்கு இன்னும் பெரிய உதாரணம் தண்ணீர். யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் அனுமதி கொடுத்தது. இரணைமடுக் குளத்தை உயர்த்தி அங்கிருந்து குடாநாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவது திட்டம். குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற கிளிநொச்சி விவசாயிகள் தங்களுக்கே போதாது என்று எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. கடைசியில் திட்டம் திரும்பி, மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமாக மாறியது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். திறந்து வைத்தது 2024 ஓகஸ்டில். பதினான்கு வருடம்.

இதை நீர்வழங்கல் பொறியியலாளரின் குறை என்று நான் நினைக்கவில்லை. அந்தத் திட்டத்தில் ஆகப் பெரிய ஊகம் குழாயிலோ பம்பியிலோ இருக்கவில்லை; குளத்துக்காரர் தண்ணீர் தருவார்கள் என்பதில் இருந்தது. அதைச் சோதிக்க இயந்திரம் எதுவும் வேண்டாம். கமக்காரர் அமைப்புகளோடு ஒரு போகம் முழுவதும் இருந்து கதைத்தால் போதும். எங்கள் துறையில் பிள்ளைகளுக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது, இந்தத் திட்டம் எந்த ஊகம் பிழைத்தால் விழும் என்பதைத்தான். சுலபமான வேலையை முதலில் முடித்து அறிக்கையில் எண்பது வீதம் என்று காட்டுவதை விட, அந்த ஊகத்தை முதலில் சோதிப்பது ஆயிரம் மடங்கு பெறுமதி. சாட்டிக் கிணறுகளையும் நெடுந்தீவுச் சாறாப்பிட்டிக் கிணறுகளையும் நம்பி வளர்ந்த எங்கள் தீவுக்காரருக்குத் தண்ணீர் யாருடையது என்ற கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உரிமைக்கு வருவோம். அஜைல் பற்றிக் கதைக்கிறவர்கள் ஆகக் குறைவாகக் கதைக்கிற விசயம் இது. பன்னிரண்டு கோட்பாடுகளில் ஒன்று, நல்ல வேலை தன்னைத் தானே ஒழுங்குபடுத்துகிற குழுவிலிருந்துதான் வரும் என்கிறது. சுகாதாரத் துறையில் அதை மெய்யாகவே செய்து காட்டியது நெதர்லாந்தின் பூர்ட்சோர்க் அமைப்பு. எங்கள் தீவுகளுக்கு லைடன், டெல்ஃப்ற் என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போனவர்களின் நாடு. யோஸ் டி பிளொக் என்ற தாதி, 2006இல் நாலு பேர் கொண்ட ஒரே குழுவோடு தொடங்கினார். வீடு வீடாகப் போய் முதியவரையும் நோயாளரையும் பராமரிக்கிற வேலை. ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை. அவர்களுக்கு மேலே மேற்பார்வையாளர் இல்லை. யாரை எப்போது பார்ப்பது, எவ்வளவு நேரம் இருப்பது, புதிதாக யாரைச் சேர்ப்பது எல்லாம் குழுவே தீர்மானிக்கும். இன்று அங்கே தாதியர் பத்தாயிரம் அளவில்.

அனலைதீவிலோ எழுவைதீவிலோ வேலை செய்கிற ஒரு குடும்பநல உத்தியோகத்தரை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். எந்த வீட்டில் யாருக்கு எத்தனை மாதம், யாருக்கு இரத்த அழுத்தம், இந்தக் காற்றில் ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஓடுமா என்று முழுவதும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நாளை சோளகம் கடுமையாகும் என்று தெரிந்தால், நாள் நெருங்கிய தாயை இன்றைக்கே கரை சேர்க்கவேண்டும் என்ற முடிவை எடுக்கவேண்டியவரும் அவரே. அந்த முடிவுக்கு வாகனமும் படகும் காசும் ஒரு தொலைபேசியில் கிடைக்கவேண்டும். கையெழுத்து யாழ்ப்பாணத்தில் இருந்தால், தகவல் இருக்கிற இடமும் அதிகாரம் இருக்கிற இடமும் கடலால் பிரிந்து கிடக்கின்றன. எத்தனை மஞ்சள் தாள் ஒட்டினாலும் அந்தக் கடல் வற்றாது. தீவுப்பகுதியில் எந்தத் திட்டம் தொடங்குகிறவரிடமும் நான் கேட்பது இதைத்தான்: எவ்வளவு ரூபா வரை, எந்தெந்த மாற்றத்தை, கச்சேரிக்கும் கொழும்புக்கும் கேட்காமல் அந்தத் தீவிலேயே தீர்மானிக்கலாம்? அந்தத் தொகையை எழுத்தில் தாருங்கள். தரமுடியாது என்றால் அஜைல் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டு நிறுவனக்காரர் பலர் மனமார உழைக்கிறவர்கள். அவர்களுடைய கையைக் கட்டுவது காலாண்டு முடிவுக்குள் இந்தத் தலைப்பில் இவ்வளவு செலவழிக்கவேண்டும் என்கிற வரவுசெலவுத் தாள். ஆடு கொடுத்த வளவில் ஆட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று முதல் மாதமே தெரிந்தாலும் மிச்ச ஆட்டையும் கொடுத்து முடித்தால்தான் கணக்குச் சரிவரும். கொடையாளரோடு ஒப்பந்தம் எழுதும்போதே, மூன்றாம் மாதம் பார்த்துவிட்டு மிச்சக் காசின் ஒரு பங்கை வேறு தலைப்புக்கு மாற்றலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். கேட்டால் தருகிற கொடையாளர் இருக்கிறார்கள்.

அஜைல் கூடாத இடங்களும் உண்டு. படகில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடாது. உயிர்காப்பு அங்கி, மின் இணைப்பின் காப்பு, மருந்தின் அளவு, இவற்றில் எல்லாம் யாரோ ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துக் கற்றது சட்டமாகவும் நியமமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அதை அப்படியே செய்யவேண்டும். பாதி கட்டின தாம்போதியில் பாதித் தூரம் போய் யாருக்கும் பயனில்லை. பிழைத்தால் திருத்தலாமா, திருத்தமுடியாதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். திருத்தக்கூடியதை மட்டும் செய்து பார்த்துக் கற்கலாம்.

மின்சாரத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன், எனக்கு ஆகக் கூடுதலான நம்பிக்கை தருவது அதுதான் என்பதால். தேசிய மின்வலையமைப்பு எட்டாத தீவுகளில் மின்சார சபையின் டீசல் ஜெனரேற்றர்தான் ஓடிவந்தது. டீசலும் கடல் கடந்துதான் வரவேண்டும். எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ஒரு சின்னக் கலப்பு மின்நிலையம் அமைத்தார்கள். 46 கிலோவொட் சூரிய மின்தகடுகள், தலா மூன்றரைக் கிலோவொட் கொண்ட ஆறு சிறு காற்றாலைகள், 110 கிலோவொட் மணி பற்றரி, துணைக்கு 30 கிலோவொட் டீசல். ஒரு சின்னத் தீவில் உண்மையான மனிதருக்கு உண்மையான மின்சாரம் கொடுத்துப் பார்த்த பரீட்சை அது. உப்புக்காற்று காற்றாலைத் தண்டை என்ன செய்கிறது, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதெல்லாம் கொழும்பில் இருந்து வரைபடம் கீறித் தெரிந்துகொள்ள முடியாதவை.

அடுத்த கட்டம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. அதன் கதை எல்லோருக்கும் தெரியும். 2021 ஜனவரியில் அமைச்சரவை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க முடிவெடுத்தது. இந்தியா ஆட்சேபித்தது. வருடக் கடைசியில் அந்த முயற்சி நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரின் யூ சோலார் நிறுவனத்தோடு வேலை ஒப்பந்தம். இந்திய அரசின் நன்கொடை 11 மில்லியன் டொலர். மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவொட் சூரியசக்தி, 530 கிலோவொட் காற்று, 2,400 கிலோவொட் மணி பற்றரி, 2,500 கிலோவொட் துணை டீசல். எங்கள் தீவுகளில் யார் தகடு பூட்டுவது என்பதை எங்களைத் தவிர எல்லோரும் கதைத்து முடித்தார்கள். அதில் எனக்கு உள்ள வருத்தத்தை மறைக்கவில்லை.

இனிமேல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தகடும் பற்றரியும் ஒப்பந்தத்தில் எண்ணப்பட்டுவிட்டன. கடல் கடந்து மொத்தமாகத்தான் வரும். அவற்றை எப்படி ஓட்டுவது என்பது மாதாமாதம் மாற்றக்கூடியது. இங்கே காற்றும் வெயிலும் வருடம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. சோளகத்தில் காற்றாலை நிற்காமல் சுற்றும். பங்குனி சித்திரையில் வெயில் கொட்டும். சோளகம் ஓய்ந்து வாடை இன்னும் பிடிக்காத ஐப்பசியில், மழைமுகில் மூடிய நாட்களில் இரண்டும் குறையும். அந்தக் கிழமைகளில்தான் பற்றரி இறங்கி டீசல் ஓடவேண்டி வரும். அப்போது எதை நிறுத்துவது, எதை நிறுத்தக்கூடாது? ஆஸ்பத்திரியின் தடுப்பூசிப் பெட்டி, குடிநீர் பம்பி, மீனுக்கு ஐஸ், கோயில் ஒலிபெருக்கி, ஒவ்வொரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. இந்த வரிசையைப் போடவேண்டியவர்கள் அந்தத் தீவில் இருக்கிறவர்கள்.

ஒவ்வொரு மாதமும் எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு டீசல் எரிந்தது, எத்தனை மணித்தியாலம் மின்சாரம் நின்றது என்ற மூன்று இலக்கங்களைப் பிரதேச செயலகச் சுவரிலும் இறங்குதுறையிலும் ஒட்டலாம். மாதத்தில் ஒருநாள் மின்சார சபை இயக்குநரும் கடற்றொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் ஆஸ்பத்திரிக்காரரும் அந்தத் தாளைச் சுற்றி நின்று, அடுத்த மாதத்துக்கு ஒரேயொரு மாற்றத்தைத் தீர்மானிக்கலாம். பகல் வெயிலில் ஐஸ் இயந்திரத்தையும் நீர்ப்பம்பியையும் ஓடவிட்டால் இரவுக்குப் பற்றரி மிஞ்சுமா என்பதை ஒரு மாதம் செய்து பார்த்தே அறியலாம். அதற்கு டொலர் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம். நெடுந்தீவிலிருந்து இதை வாசிக்கிற சங்கக்காரர் யாராவது இருந்தால், முதல் கூட்டத்தைப் புரட்டாதிக்குள் வைத்துவிடுங்கள். நிலையம் எந்த வருடம் ஓடத் தொடங்கினாலும் அதன் முதல் ஐப்பசிக்கு முன்னர் அந்த வரிசை எழுத்தில் இருக்கவேண்டும். எழுவைதீவுக்காரர் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். முதலில் கேட்கவேண்டியது அவர்களைத்தான்.